ஏழு மீட்டர் கவிதை

நான் கவிஞனாக வாழ்ந்தது மொத்தம் பத்து நிமிடம். அதற்கு மேலும் விட்டிருந்தால் தமிழுக்கு என்ன ஆகியிருக்குமோ என்று நினைத்தால் எனக்கே பகீர் என்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. வேலை நேரம் போக (சரி, வேலை நேரத்திலும்தான்) 'வேஸ்ட் துணியின் வாக்குமூலம்' என்று ஒரு நெடுங்கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். நோட்டில் எழுதினால் பக்கம் புரட்டும்போது ஆவேசம் அறுந்துபோகிறது என்று, கட்டிங் டேபிளில் துணிமேல் விரித்து அளவு வரைகிற பேப்பர் ரோலில் எழுதினேன். முடித்தபோது ஏழு மீட்டர். யார் கேட்டாலும் பெருமையாக மீட்டரில்தான் சொல்வேன்.

அப்போது குன்னத்தூரில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெயர் சுமதி, தமிழ் எம்.ஏ. "கவிதை எழுதுவாருங்கறாங்க, கேட்டுப்போட்டுத்தான் சம்மதம் சொல்லுவேன்" என்றுவிட்டாளாம். போட்டோவில் பார்த்ததிலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு காலை அருள்புரத்தில் நடக்கும் கவிதைக் கூட்டத்துக்கு அவள் அப்பாவோடு வருவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை ரோலைக் கட்டிங் டேபிளில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். போன இடத்தில் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்ததில் மூன்று மணி நேரம் ஓடிவிட்டது. திரும்பி வந்தால், கட்டிங் மாஸ்டர் கவிதையின் பின்பக்கத்தில் குழந்தைகள் பனியனுக்கு அளவு வரைந்து, துணியோடு சேர்த்து வெட்டி முடித்திருந்தார்.

"மாஸ்டர், அது கவிதைங்க!"

"அப்படியா கண்ணு? ஒரு பக்கம் கிறுக்கியிருந்துச்சு, வேண்டாத பேப்பர்னு நெனச்சுப்போட்டேன். வெட்டறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

என் கவிதைக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அதுதான். தொழில் சுத்தமான மனிதர்; வெட்டிய பேப்பர் துண்டுகளை முன்பக்கம், முதுகு, கை என்று தனித்தனியாகப் பிரித்துக் கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் மேடை. முன்வரிசையில் சுமதி. பக்கத்தில் அவள் அப்பா. அவரும் பனியன் கம்பெனிக்காரர். முன்பக்கக் கட்டைப் பிரித்து முதலில் படித்தேன். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு வரி கழுத்தோடு போயிருந்தது. மனப்பாடம் என்று நம்பியிருந்த வரிகள் சுமதியைப் பார்த்ததும் காணாமல் போயின. அந்த நேரம் பார்த்து எவரோ ஃபேனைக் கூட்டி வைக்க, கவிதை கூட்டத்தின் தலைக்கு மேல் பறந்தது.

"இந்தாங்க, உங்க கை."

"இங்கொரு முதுகு கெடக்குதுங்க!"

ஆளாளுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுமதியின் அப்பா மட்டும் தன் மடியில் விழுந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தார்.

"ஏனுங்க தம்பி, இந்தக் கழுத்துல கொழந்தைக்குத் தலை நுழையாதுங்களே?"

கூட்டத்தில் முக்கால்வாசி பனியன்காரர்கள். கவிதையை விட்டுவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னும் அரை இஞ்ச் வெட்டினால் போதும் என்றார் ஒருவர்; முக்காலாவது வேண்டும் என்றார் கூட்டத் தலைவர். நான் மேடையிலிருந்து குதித்து, எதிரே இருந்த போன் பூத்துக்கு ஓடி, அவசர ஆர்டருக்காக ஞாயிறும் வேலைக்கு வந்திருந்த மாஸ்டரிடம், கழுத்தைப் பெரிதாக்காமல் தைக்க ஆரம்பிக்காதீர்கள் என்று கத்தினேன். சரக்கு தப்பித்தது.

திரும்பி வந்தபோது வாசலில் சுமதி நின்றிருந்தாள்.

"கவிதையைப் போட்டுட்டு ஓடுனீங்க பாருங்க, அதுல அப்பாவுக்கு உங்களைப் புடிச்சுப்போச்சுங்க."

"உங்களுக்குங்க?"

"மிச்சத்தைப் படிக்கமாட்டீங்கன்னா, சரிங்க."

படிக்கமாட்டேன் என்று அங்கேயே சத்தியம் செய்தேன். அவ்வளவு சந்தோஷமாக எந்தக் கவிஞனும் ஓய்வு பெற்றிருக்க மாட்டான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தலை நுழையாத உடுப்புக்கெல்லாம் 'கவிதை' என்றுதான் பெயர். போன தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் பேரனுக்கு ஒரு டி-ஷர்ட்டை மாட்டப் பார்த்த என் மகள், அவன் வீறிட்டதும் கடைக்காரரிடம் சொன்னாள்: "இது கவிதையா இருக்குதுங்க. போடறாப்ல ஒண்ணு குடுங்க."