பாம்புக்கு வைத்த பால்

பாசல், சுவிஸ்,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்குரிய பத்மநாதன் மாமாவுக்கு,

திரிம்பாக்கில் நீங்களும் மாமியும் அம்பாள் துணையோடு சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். சுகமில்லை.

புதன்கிழமை நீங்கள் வந்து அம்மாவுக்காகக் கதைக்க வேண்டும். இந்த நாட்டு டொச் மொழியில் வாயைத் திறந்தால் எனக்குச் சொல் வராது. பள்ளிக்கூடத்தை இடையில் விட்டதும் அதனால்தான்.

நாங்கள் துப்புரவு செய்யும் கலைக்கூடத்தில் மெக்சிக்கோப் பெண் கலைஞர் ஒருவரின் வீடியோ ஓடுகிறது. அவர்களுடைய பழங்கதையில் வரும் இறகு முளைத்த பாம்பு மலைக்குள் கிடக்கிறது. ஸ்பானியர் வந்து அதன் கோயிலை உடைத்து, அதே கல்லால் மேலே தேவாலயம் கட்டுகிறார்கள். பாம்பு மூச்சு விட, தேவாலய மணி தானாக ஆடுகிறது. அம்மா தும்புத்தடியோடு நின்று முழுதும் பார்த்துவிட்டு, "எங்கட கோயிலுகளையும் பறங்கியள் இப்பிடித்தானே இடிச்சவங்கள்" என்றார்.

அடுத்த நாள் வேலைக்குப் போடும் செருப்பை அந்த அறை வாசலில் கழற்றிவிட்டு, திரைக்கு முன்னால் பாலும் முட்டையும் வைத்தார்.

"அம்மா, அது படம்."

"கோயிலிலை இருக்கிறது கல்லுத்தானேடி. பாவம், பசியோட கிடக்குது."

செருப்பையும் பாலையும் எடுக்க மறந்து வந்துவிட்டோம். பிறகு வந்த பள்ளிப் பிள்ளைகள் அந்தச் செருப்பைக் கண்டு வரிசையாகச் சப்பாத்தைக் கழற்ற, அவர்களைப் பார்த்துப் பெரியவர்களும் கழற்ற, வழிகாட்டி பாலின் பொருளைப் பற்றி நீளமாக விளக்க, கேட்டு நின்ற ஒருவர் தன் வாழைப்பழத்தையும் வைத்துவிட்டுப் போக, பால் நாறத் தொடங்கியபோதுதான் பொறுப்பாளருக்கு விஷயம் தெரிந்தது. கலைஞர் புதன்கிழமை வருகிறார், அவருக்கு விளக்கம் சொல்லாவிட்டால் அம்மாவுக்கு வேலை இல்லை என்றுவிட்டார். அம்மாவோ, "பார், பழமும் வந்திருக்கு" என்கிறார்.

நீங்கள் எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்தவர். கொஞ்சம் கூடுதலாகக் கதைப்பீர்கள், பரவாயில்லை. இந்த வேலை போனால் எங்களுக்கு வேறு வழியில்லை.

மாமிக்கு என் வணக்கம். உங்கள் ஆசீர்வாதத்தை இந்த முறை நேரில் எதிர்பார்க்கும்,
மருமகள் துஷாந்தி

பின்குறிப்பு (செவ்வாய்): மாமா, வர வேண்டாம். கலைஞர் இன்றைக்கே வந்துவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கதைத்தேன். பறங்கியர் காலத்தில் எங்கள் ஆட்கள் விரதம் பிடித்தது தெரியாமலிருக்கச் சாப்பிட்ட இலையைக் கூரைக்குள் ஒளித்ததைக்கூடச் சொன்னேன். இலக்கணம் முழுக்கப் பிழை. அவருக்கும் டொச் அரைகுறை, அதனால் நன்றாக விளங்கியது. திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, முட்டை இருக்கட்டும், பாலை மட்டும் தினமும் மாற்ற முடியுமா என்று அம்மாவைக் கேட்டார்.

இவ்வளவையும் எழுதிவிட்டேன், கிழிக்க மனமில்லை, அனுப்புகிறேன். படம் பார்க்க வாருங்கள். சப்பாத்தை வாசலில் கழற்றுங்கள். கதைக்கிறதை நான் பார்த்துக்கொள்கிறேன்.