விரிசலுக்கு அடித்த மஞ்சள்

நகரப் பள்ளிகளின் கல்வி அதிகாரி அவர்களுக்கு, கீழ்த்தளத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் உங்கள் அப்பா பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் நலம். மாடியில் தாங்களும் நலம் என்று காலடிச் சத்தத்திலிருந்து தெரிகிறது.

திங்கட்கிழமையிலிருந்து நீ என்னோடு பேசுவதில்லை. "அவர்கிட்ட சொல்லிடும்மா" என்று அம்மா வழியாகத்தான் சேதி வருகிறது. பெற்ற அப்பன் 'அவர்' ஆகிவிட்டேன். ஆகவே என் கட்சியை எழுத்திலேயே சொல்கிறேன்.

சுவர் விரிசல் விட்டிருக்கிறதென்று பழைய பள்ளியை மூடிப் பிள்ளைகளைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றப் பார்க்கிறாய். இந்த நகரத்துப் பள்ளிகளின் சரித்திரம் உன் ஆபீஸ் பீரோவில் இருக்கலாம். என்னிடம் அது பெயிண்ட் டப்பாவில் இருக்கிறது. முதலில் இதே பழைய பள்ளிதான், அப்போது அது ஒரு தானியக் கிடங்கு, ஒரே அறை, நடுவில் கரும்பலகையைத் தொங்கவிட்டு இந்தப் பக்கம் ஒரு வகுப்பு, அந்தப் பக்கம் ஒரு வகுப்பு. வெறும் சுண்ணாம்பு, அடித்தவன் நான். அப்புறம் நகராட்சி எடுத்துக்கொண்டு தெருவுக்குத் தெரு பள்ளி திறந்தது, எல்லாம் சிமெண்டு நிறம். ஆணும் பெண்ணும் தனித்தனி என்றார்கள், நீலமும் ரோஸும் அடித்தேன். சேர்ந்தே படிக்கட்டும் என்றார்கள், பச்சை அடித்தேன். அவர்கள் மனசு மாற மாற, வாளி தூக்கினவன் கடை முதலாளி ஆனேன். அந்தக் கிடங்கில்தான் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு டீச்சர், "ஏங்க, சுவத்துக்கு அடிங்க, பிள்ளைங்க மேல அடிக்காதீங்க" என்றாள். உங்கம்மா! நம் குடும்பம் ஆரம்பித்த இடத்தையா மூடுவது?

அதனால்தான், நீ பார்வையிட வருவது தெரிந்து, ஞாயிற்றுக்கிழமை ஆட்களோடு போய் விரிசலில் பட்டி வைத்து அடைத்து, மேலே நல்ல மஞ்சளாக அடித்தேன். உற்சாகத்தில் ஆட்கள் கரும்பலகைக்கும் அடித்துவிட்டார்கள், அது என் கணக்கில் வராது. மறுநாள் காலையில் நீ இன்ஜினியரோடு வந்து சுவரில் கை வைத்தாய். கை ஒட்டிக்கொண்டது. இழுத்தாய், பட்டியும் கூட வந்தது, பின்னாலேயே காரை பெயர்ந்து ஜன்னலோரப் பெஞ்சில் விழுந்தது. நல்லவேளை, பிள்ளைகள் இன்னும் உள்ளே வரவில்லை. "யார் கடைப் பெயிண்ட் மேடம்?" என்று அவர் கேட்க, "எங்கப்பா கடை சார்" என்றாயாம். மறைத்திருக்கலாம், நீ மறைக்கவில்லை. அதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஆனாலும் என் கட்சி என் கட்சிதான். சுவரை நானே கூட நின்று கட்டித் தருகிறேன். மூடும் உத்தரவில் கையெழுத்துப் போடாதே.

கையில் ஒட்டிய மஞ்சளுக்கு மண்ணெண்ணெய் வேண்டாம், எரியும்; சமையல் எண்ணெய் தடவு. எப்போதும் நன்றாக இரு.

இப்படிக்கு,
கீழ்வீட்டு 'அவர்'

பி.கு.: மாடிக்குக் கொண்டுபோகச் சொன்னால் அம்மா படித்தே விட்டாள். "அந்தச் சுவத்துக்குக் கீழ அத்தனை வருஷம் நின்னவ நான், எனக்கே அதும்மேல பாசமில்ல. நீங்க பாத்தது சுவத்தையா, என்னையா?" என்றாள். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். "காரை விழுந்துச்சே, அந்தப் பெஞ்சுலதான் சின்னதுல நம்ம பொண்ணை உக்கார வச்சிருந்தேன்" என்றாள். மேலே எழுதியதெல்லாம் ரத்து. மூடு, இன்றைக்கே மூடு. கரும்பலகையை மட்டும் புதுப் பள்ளிக்குக் கொண்டுபோக அனுமதி கொடு. மஞ்சளை நானே சுரண்டித் தருகிறேன். சாப்பாடு எடுத்து வைத்தாயிற்று. அதிகாரி வராவிட்டால் போகட்டும், என் மகளை அனுப்பு.