ராமையா வைத்த கள்ளிவேலி

"அடியே மங்களம், மறுபடியும் மாடு!"

ராமையா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். பழுப்பு மாடொன்று அவருடைய வெண்டைச் செடியை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகளின் புதுச் சம்பந்தி வீட்டார் ஈப்போவிலிருந்து சுங்காயிலுள்ள இவர் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறார்கள். "பாசார் காய் ஒண்ணுகூட இலையில விழாது, எல்லாம் என் கொல்லைதான்" என்று போனில் அளந்துவிட்டிருந்தார். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு மிச்சமிருந்த பெருமையே அந்தத் தோட்டம்தான்.

மாட்டுக்கார மகேந்திரனோடு சண்டைக்குப் போகவும் முடியாது. இருவரும் ஒரே கோயில் கமிட்டி. அதற்காகத்தான் போன வருஷமே கொல்லையைச் சுற்றிச் சப்பாத்திக்கள்ளி நட்டார். இடுப்புயரம் வளர்ந்திருந்த அந்த வேலியில் இப்போது வாசல் அகலத்துக்கு ஓட்டை.

"பக்கத்து வீட்டு ஹஃபீஸா அக்கா தலைமுடிக்குத் தேய்க்கணும்னு கேட்டாங்க. நான்தான் வெட்டிக் குடுத்தேன்" என்றாள் மங்களம், மாட்டை முதுகில் தட்டி வெளியே அனுப்பியபடி.

"மாடு வளக்கிறவனுக்கெல்லாம் மண்டையில மூளையே கிடையாதுலா!"

மங்களம் கீழே சிதறிக் கிடந்த வெண்டைத் தழையைப் பொறுக்கி மாட்டுக்குப் போட்டாள்.

ராமையா வேறு மடல்களை வெட்டி ஓட்டையை அடைத்தார். மறுநாள் இரண்டு ஓட்டை. எதிர்வீட்டுத் தினேஸ்வரி திருஷ்டிக்கு வாசலில் கட்டக் கொண்டுபோயிருந்தாள். இனிப்புநீர் வியாதிக்காரர் அர்ச்சுனன் சர்க்கரை இறங்கும் என்று சாறு பிழிந்து குடிக்கக் கொண்டுபோயிருந்தார்.

"இவங்களுக்கெல்லாம் யாரு சொன்னா?"

"கோயில்ல பேச்சுவாக்குல நான்தான் சொன்னேன். நல்ல பொருள்னா நாலு பேருக்குச் சொல்ல வேணாமா?"

மீண்டும் அடைத்தார். இந்தமுறை பொடிமுள் இரு உள்ளங்கையிலும் ஏறிவிட்டது. சோற்றைப் பிசைய முடியவில்லை. மங்களம்தான் இரக்கப்பட்டு ஊட்டிவிட்டாள்.

"என்னங்க, பந்தம் கொளுத்தி முள்ளைப் பொசுக்கிட்டா கையில ஏறாதுல்ல?"

கை எரிச்சலில் மூளை வேலை செய்யவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வேலி முழுவதையும் ஒரு முள் விடாமல் பொசுக்கிவிட்டுத் திருப்தியாகப் படுத்தார்.

ஞாயிறு காலை வேலியைக் காணோம். கத்தரியும் வெண்டையும் வேலியோடு போயிருந்தன. கொல்லை நடுவில் மாடு படுத்து, முள் போன கள்ளியை அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"வந்துட்டோம், பீடோர் தாண்டியாச்சு, அடுத்தது உங்க ஊர்தான்" என்று சம்பந்தி போன் செய்தார். ராமையாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கமிட்டியாவது மண்ணாவது என்று மகேந்திரன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"மகேந்திரா! உன் மாடு என் மானத்தையே மேஞ்சிருச்சுடா!"

மகேந்திரன் காப்பிக் குவளையோடு வெளியே வந்தான்.

"எந்த மாட்டைச் சொல்றீங்கண்ணே? ஆறு மாசத்துக்கு முந்தியே அதை நம்ம மங்களம் அண்ணி வாங்கிட்டாங்களே! கட்டி வைக்கிறது மட்டும்தான் என் கொட்டகையில. 'தீனிக்குக் கவலையில்ல, எங்க வீட்டுக்காரர் வளக்கிறாரு'ன்னு சொன்னாங்கலா!"