நாலு சக்கரத்துக்கும் விளக்கெண்ணெய்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படிப்பு, அதிலும் பாதி நாள் அம்மை போட்டுப் படுத்திருந்தேன். ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் முதல் வரியில் என்ன சொன்னேன் என்பது மறந்துபோகிறது. திரும்பிப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன். அங்கங்கே இடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேத்தியின் வீட்டுக்காரர் பழைய ஜீப் வாங்கப் போகிறாராம். முன்சக்கரமும் பின்சக்கரமும் நாலும் சேர்ந்து இழுக்கிற வண்டி. "அப்பத்தா, அந்த மாதிரி வண்டியப் பத்தி ஒங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமாமே, எழுதி அனுப்புங்க" என்று பேத்தி போனில் கேட்டாள். கேட்கும்போதே சிரிப்பை அடக்குவது தெரிந்தது. யாரோ சொல்லிவிட்டார்கள். அரைகுறையாக ஊருக்குள் திரிவதற்கு நானே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

விராலிமலைப் பக்கம் நான் வாழ வந்து மூன்று வருஷம் இருக்கும். மூத்தவன் கைக்குழந்தை. (எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். ஊருக்கு அப்போது கரண்டு வரவில்லை, அது நிச்சயம்.) என் வீட்டுக்காரர் கடலை வியாபாரம். மழை பெய்தால் எங்கள் ஊர்ப் பாதையில் மாட்டுவண்டி அச்சு வரைக்கும் இறங்கிவிடும். உலகச் சண்டை முடிந்தபின் பட்டாளத்தில் கழித்துப்போட்ட ஜீப்புகளைத் திருச்சியில் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒன்று வாங்கக் கிளம்பினார். நல்லவேளை, ஆவூர் அந்தோணி அண்ணனையும் கூட்டிப் போனார். அண்ணன் சண்டையில் லாரி ஓட்டி, மெக்கானிக் வேலையும் கற்று வந்தவர்.

வாங்கிய கதையை அண்ணன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"தம்பி பளபளன்னு இருந்த வண்டியத்தான் கையக் காட்டுச்சு. புதுப் பெயிண்டுன்னா எதையோ மூடியிருக்கான்னு அர்த்தம். கீழ படுத்துப் பாத்தேன், முன்சக்கரத்து முட்டியில எண்ணெ ஒழுகிக் காஞ்சு கெடக்கு. வேணாம்னுட்டேன். இந்த வண்டி அழுக்கா இருந்துச்சு, ஆனா ஒழுகல. நாலு டயரும் ஒரே அளவு. இதுக்கு அதுதான் முக்கியம். ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னா உள்ள பல்லுச்சக்கரம் ஒண்ணை ஒண்ணு தின்னுரும்."

(பேத்தி வீட்டுக்காரர் இதைக் குறித்துக்கொள்ளவும்.)

வண்டி வந்து நின்றதிலிருந்து எனக்கு வீட்டு வேலை ஓடவில்லை. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குட்டிக் கம்பிகள். இதெல்லாம் என்ன, எதற்கு என்று மண்டைக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. யாரிடம் கேட்பது? ஆம்பளைகள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு நாக்கு எழும்பாது. ஆனால் அண்ணன் வாரம் ஒரு தடவை வந்து ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொள்வார். கால் இரண்டும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காலிடம் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம் என்று கண்டுபிடித்தேன். மோர்ச் செம்பை வைக்கிற சாக்கில் போய் நின்றுகொள்வேன்.

"அண்ணே, அந்தக் குட்டிக் கம்பி எதுக்கு?"

"ஒண்ணத் தள்ளுனா முன்சக்கரமும் சேந்து இழுக்கும் தங்கச்சி. சேத்துக்கும் மணலுக்கும் மட்டுந்தான். தார் ரோட்டுல ஏறுனதும் எடுத்து விட்றணும், இல்லாட்டி வண்டி முறுக்கிக்கும். இன்னொன்ன இழுத்தா மெதுவாப் போகும், ஆனா யானை மாதிரி இழுக்கும்."

"முன்னால பலகை நடுவுல ஒரு பிடி இருக்கே?"

"அது கைப்பிரேக்கு. கால்பிரேக்கு நாலு சக்கரத்தையும் பிடிக்கும். இது சக்கரத்துக்குப் போகாது. வண்டி நடுவயித்துல ஒரு தண்டு சுத்துதுல்ல, அதப் பிடிச்சு நிறுத்தும்."

இதைக் கேட்டு என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமலே கேட்டு வைத்துக்கொண்டேன்.

அந்த ஐப்பசியில்தான் என் நாத்தனார் காமாட்சிக்குப் பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. அதற்கு முன்னால் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. காமாட்சி யாரிடமும் ஒன்றும் சொல்லமாட்டாள், மாட்டுத்தொழுவத்தில் போய் நின்றுகொள்வாள். இந்த இடமாவது அமைய வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டிருந்தேன். நல்ல மழை. மாப்பிள்ளையின் அப்பா வீடு பார்த்துப் பேசி முடிக்க வர வேண்டும், வண்டி வராது. "நான் போயி ஜீப்புல கூட்டியாறேன்" என்றார் என் வீட்டுக்காரர், மீசையைத் தடவிக்கொண்டு.

அதற்கு முந்தின வாரம்தான் அண்ணன் நாலு சக்கரத்துக்கும் பிரேக்கில் புதுக் கட்டை போட்டிருந்தார். அதிலிருந்து வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பன்றி அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். பத்து நாள் கத்தும், அப்புறம் படிந்துவிடும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம் சொன்னார். என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, அந்தச் சத்தம் பொறுக்கவில்லை.

"சம்பந்தம் பேச வர்றவரு வாசல்ல எறங்குறப்ப இப்பிடியா ஓலமிடணும்? ரெண்டு எடம் தட்டுனது போதாதா?"

எனக்கு நெஞ்சில் தைத்தது. ஆனால் சக்கரம் கத்தினால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாதா? பிறந்த வீட்டில் மூன்று மாட்டுவண்டி. அச்சு கத்தினால் எண்ணெய் போட வேண்டும். சின்ன வயதில் அது என் வேலை. இத்தனை படித்த ஆம்பளைகளுக்கு இது தோன்றவில்லையே என்று எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் உண்ட மயக்கத்தில் இருந்தார்கள். விளக்கெண்ணெய் ஜாடியை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தேன். சக்கரத்துக்குள்புறம் வட்டத் தட்டுக்கும் இரும்புச் சட்டிக்கும் நடுவே நூல் மாதிரி ஒரு இடுக்கு. கரண்டி போகவில்லை. பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடையைக் கொண்டுவந்தேன். மூக்கு கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு சக்கரத்துக்கு எட்டுப் பாலாடை. ஒன்றுக்கு அதிகம், ஒன்றுக்குக் குறைவு என்று ஓரவஞ்சனை செய்யவில்லை. முன்சக்கரத்துக்கு ஊற்றும்போது பழக்கதோஷத்தில் "குடி ராசா, குடி" என்றுகூடச் சொன்னேன்.

அடுத்த நாள் கிளம்பினோம். சுமங்கலி ஒருத்தி போய்க் குங்குமம் கொடுத்துத்தான் அழைக்க வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டதால் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். எனக்கெதிரே அண்ணன், நடுவில் பழத்தட்டுகள். போகிற வழியெல்லாம் சேறு. சேற்றில் நிறுத்த பிரேக் எதற்கு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி நின்றுவிடும். ஒரு இடத்தில் நின்றபோது என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, கத்தவே இல்லையே."

"படிஞ்சிருச்சு தம்பி" என்றார் அண்ணன், தன் வேலையை நினைத்துத் தானே மெச்சிக்கொண்டு. நான் சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன், பெருமையில்.

சம்பந்தகாரர் நல்ல உயரம், பேச்சு குறைவு. திரும்பி வரும்போது வலது பக்கம் முன்னால் உட்கார்ந்து, தன் மஞ்சள் பையை எதிரே இருந்த கைப்பிரேக் பிடியில் மாட்டினார். அது எதற்கு உள்ள பிடி என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எங்கள் ஊருக்கு முன்னால் ஒரு பாறைமேடு. அதிலிருந்து இறங்கினால் கோயில் பொட்டல், பொட்டலைத் தாண்டினால் எங்கள் வீடு, வீட்டுக்கு அந்தப் பக்கம் ஊருணி. வாசலில் அத்தை ஆரத்தித் தட்டோடு நிற்பது மேட்டிலிருந்தே தெரிந்தது. வண்டி இறங்கியது. என் வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்தார். இன்னொரு தடவை மிதித்தார். அப்புறம் பாதி எழுந்து நின்று மிதித்தார்.

வீடு வந்தது, போனது. சம்பந்தகாரர் அத்தையைப் பார்த்துக் கும்பிட்டார். அத்தை தட்டைத் தூக்கினார்கள். தட்டு சுற்றுவதற்குள் நாங்கள் இல்லை.

ஊருணியில் விழாமலிருக்க என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கை ஒடித்தார். பொட்டலைச் சுற்றிக்கொண்டு மறுபடி வாசலுக்கு வந்தோம். சம்பந்தகாரர் மறுபடி கும்பிட்டார். மரியாதை தெரிந்தவர். அந்தோணி அண்ணன் வண்டிக்குள்ளேயே தரையில் விழுந்து, வாழைப்பழச் சீப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "கியரக் கொறைங்க தம்பி" என்று கத்தினார். என் வீட்டுக்காரர் இருந்த நிலையில் அவருக்குக் கியரும் தெரியவில்லை, அண்ணனும் தெரியவில்லை. வண்டி ஊருணியைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு சக்கரம், நாலுக்கும் எட்டு எட்டுப் பாலாடை. கண் முன்னே காமாட்சி தொழுவத்தில் நிற்பது தெரிந்தது. சம்பந்தகாரர் முன்னால் நான் அதுவரை வாய் திறந்ததே இல்லை. குங்குமம் கொடுத்ததுகூடத் தலையைக் குனிந்துதான். என்ன வேகத்தில் வந்ததோ தெரியாது, என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

"ஏங்க, கைப்பிரேக்கப் பிடிங்க. அதுக்கு நான் எண்ணெ ஊத்தல."

என் வீட்டுக்காரர் மஞ்சள் பையோடு சேர்த்துப் பிடியை இழுத்தார். சேற்றுக்காக முன்சக்கரத்தையும் சேர்த்து விட்டிருந்ததால் நாலு சக்கரமும் ஒன்றாகப் பிடித்து, வண்டி உதறி நின்றது. முன்சக்கரம் இரண்டும் ஊருணித் தண்ணீரில்.

என் வீட்டுக்காரர் அண்ணன் பக்கம் திரும்பினார். "என்ன பிரேக்கு கட்டுனீங்க? குடும்ப மானமே போயிருக்கும்ல." அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். தன் வேலையில்தான் பிசகு என்று நம்பிவிட்டார் மனுஷன்.

"இருங்க" என்றார் சம்பந்தகாரர். "அந்தப் பிள்ளை என்னமோ எண்ணென்னு சொல்லுச்சே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தண்ணீருக்குள் இறங்கிவிடலாமா என்றிருந்தது.

"அண்ணன் மேல தப்பில்லங்க. சக்கரம் கத்துச்சுன்னு நாந்தான் எண்ணெ ஊத்துனேன்."

"எதுக்குள்ள?"

"நாலுக்குந்தான்."

"எம்புட்டு?"

"எட்டு எட்டுப் பாலாடை."

அண்ணன் வாழைப்பழத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. சம்பந்தகாரர் சிரிக்கவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

"எங்க வீட்டுலயும் வண்டி கத்துனா எண்ணெ போடத்தான் சொல்லுவேன். இதுக்குப் போடக்கூடாதுன்னு எனக்கும் இப்பத்தான் தெரியும்." கரையேறி, வாசலில் ஆரத்தி வாங்கிக்கொண்டு, காமாட்சி கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தார். "பொண்ணு எங்களுக்குச் சம்மதம். ஆனா மாப்பிள்ளை மாட்டுவண்டியிலதான் வருவாரு."

அப்படியேதான் வந்தார். சேற்றில் மூன்று இடத்தில் வண்டி இறங்கியதாம்.

அண்ணன் நாலு சக்கரத்தையும் கழற்றிப் பெட்ரோலில் கழுவினார். கட்டைகள் எண்ணெயைக் குடித்து ஊறிவிட்டன, திரும்பவும் புதுசுதான் போட வேண்டியிருந்தது. இந்தத் தடவை அடியில் படுக்காமல், என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினார். "சுத்துற எடத்துக்கு எண்ணெ தங்கச்சி. பிடிச்சு நிறுத்துற எடத்துல ஒரு சொட்டு ஆகாது." நானும் முகத்தைப் பார்த்தே கேட்டுக்கொண்டேன். இத்தனை ஆன பிறகு என்ன கூச்சம்.

என் வீட்டில் இன்றைக்கும் ஏதாவது ஒன்று சரியாக நடந்தால் போதும், சாம்பார் ருசியாக இருந்தாலும், பேரன் பரீட்சையில் பாஸானாலும், யாராவது ஒருத்தர் மெல்லச் சொல்வார்கள், "அதுக்கு அப்பத்தா எண்ணெ ஊத்தல." காமாட்சி பேரன் பேத்தி எடுத்த பிறகும், என்னைப் பார்க்க வரும்போது விளக்கெண்ணெய் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டுதான் வருவாள்.

ஜீப்பில் எந்தக் கம்பி வலது, எது இடது, எதைத் தள்ளுவது, எதை இழுப்பது என்பதையெல்லாம் நான் மாற்றி எழுதியிருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒரு தடவை பார்த்துத் திருத்திவிட்டு, அப்புறம் பேத்தி வீட்டுக்காரரிடம் கொடுங்கள். பாலாடைக் கணக்கை மட்டும் யாரும் திருத்த வேண்டாம். எட்டுதான்.