ஒரு குதிரையும் வெல்லாத புத்தகங்கள்

கல்முனைக் கரையில் பயம் என்ற சரக்கை மொத்த வியாபாரமாக வைத்திருந்தவர் குதிரை டெய்லர் ஒருவர்தான். ஊரில் மற்றவர்களிடம் இருந்த பயமெல்லாம் அவரிடம் சில்லறைக்கு வாங்கியது. நானும் கொஞ்சம் வாங்கினேன். அம்பதுகளில் அங்கே இங்கிலீஷ் மாஸ்டராகப் போனவன், அவருடைய கடைக்குப் பக்கத்து அறையில் குடியிருந்த குற்றத்துக்காக.

இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், ஊசி போடும் டிஸ்பென்சருக்குப் பயம். எல்லாவற்றையும்விடக் கடலுக்குப் பயம். கடலோ கூப்பிடு தூரத்தில் கிடந்தது. மீன் வாங்கப் போனால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுதான் பேரம் பேசுவார். ஏனென்று கேட்டேன்.

"கடல்ட மூஞ்சியப் பாக்கப்படாது தம்பி. பாத்தா அது நம்மள அடையாளம் வெச்சிக்கும்."

அன்றிலிருந்து நானும் கடற்கரையில் கொஞ்சம் திரும்பியே நிற்கத் தொடங்கினேன்.

இப்படிப்பட்டவரின் பெயரோடு குதிரை வந்து ஒட்டிக்கொண்டதற்கு ஒரு கதை உண்டு. அந்தப் பக்கம் வயலுக்கு எருமை, வண்டிக்கு மாடு; குதிரையைப் படத்தில்தான் பார்க்க வேண்டும். டெய்லர் வாலிபத்தில் கொழும்பில் ஒரு தையற்கடையில் இருந்தவர். ரேசுக்குப் போகும் துரைமாருக்குக் கோட்டு தைத்தவர். தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிய ஒரு துரை, கொண்டுபோக முடியாத புத்தகங்களை ஒரு தகரப் பெட்டியில் போட்டு இவரிடம் கொடுத்துவிட்டார். அத்தனையும் குதிரைப் பந்தயத்தைப் பற்றியவை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது, வாசலில் கட்டியிருந்த துரையின் குதிரை இவருடைய பிடரியில் தும்மிவிட்டது. இவர் பெட்டியோடு ரயிலேறி ஊருக்கு வந்தவர்தான், பிறகு கொழும்புப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

"அந்தத் தும்மல்ட சூடு இன்னும் இரிக்கி, தொட்டுப் பாருங்க" என்று பிடரியைக் காட்டுவார். நான் தொட்டும் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது.

குதிரையைக் கண்டு ஓடியவருக்குக் குதிரைப் புத்தகம் என்றால் உயிர். அளவு கொடுக்க வருகிறவன் அளவோடு மட்டும் திரும்ப முடியாது, ஒரு புத்தகத்தையும் சேர்த்துத்தான் கொடுத்தனுப்புவார். இங்கிலீஷ் தெரியாதவனுக்குக் கத்தரிக்கோலை ஆட்டி ஆட்டி வாயால் சொல்வார். வைத்தியர் மருந்து கொடுக்கிற மாதிரி ஆளுக்கேற்ற புத்தகம். நித்திரை வராதவனுக்குப் பச்சைப் புத்தகம். அது குதிரைகளின் வம்ச வரலாறு. "ஒலகத்துல ஓடுற ரேஸ் குதிரையெல்லாம் அரபு நாட்டுக் குதிரைட வாரிசு, தெரிமா?" என்று பள்ளிவாசலுக்குப் போகிறவர்களை மறித்துச் சொல்வார். புது மாப்பிள்ளைக்குச் சிவப்புப் புத்தகம். ஓட்டுகிறவன் உடம்பு எடையைக் குறைக்கப் பட்டினி கிடக்கும் பாடுகள் அதில் உண்டு. மாமியார் வீட்டுச் சாப்பாட்டுக்கு அது நல்ல மருந்தாம். கறுப்புப் புத்தகத்தை மட்டும் யாருக்கும் எளிதில் கொடுக்கமாட்டார். வேலியும் பள்ளமும் தாண்டி ஓடும் பந்தயங்களைப் பற்றியது, விழுந்த குதிரைகளின் கதை.

"பிரஷர் இரிக்கிறவன் தொடப்படாது" என்பார். அவருக்கே பிரஷர்தான். ஆனால் அதைத்தான் அவர் அடிக்கடி வாசித்தார்.

முதன்முதல் சிவப்புப் புத்தகத்தை இரவல் வாங்கிப் போன நான், குதிரைகள் கடைசி வளைவில் திரும்பும் இடத்தில் திகைத்து நின்றேன். அடுத்த நாலைந்து தாள்களைச் சேர்த்துப் பிடித்து, ஓரத்தில் மருதமுனை நெசவு நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தது. புரட்டிப் பார்த்தேன். பந்தயத்துக்குப் பந்தயம் அப்படித்தான்.

"இதென்ன காக்கா, தைச்சு வெச்சிரிக்கிங்க?" என்றேன். அங்கே மூத்தவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவது.

அவர் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "குதிர ஓடுறதுல பாவமில்ல. நாம பாக்கிறதுலயும் பாவமில்ல. இதுதான் வெல்லும் எண்டு உள்ளுக்க ஒண்டு சொல்லுதே, அதான் ஷைத்தான். ஆரு வெண்ட எண்டு தெரிஞ்சாத்தானே அவனுக்கு ருசி புடிக்கும்? அதனால வளைவு வந்ததும் வாசிக்கிறத நிப்பாட்டி தைச்சுப்போட்டுருவன்."

"அப்ப நீங்களும் வாசிக்கல்லியா?"

"அஸ்தஃபிருல்லாஹ்! இந்தப் பெட்டிக்குள்ள ஒரு குதிரையும் இன்னும் வெல்லல்ல தம்பி."

சிரித்தேன். சிரித்த பாவத்துக்குச் சீக்கிரமே வினை ஒன்று வந்தது. கருவாட்டு முதலாளி ஒருவர் லொறியில் கருவாடு கொண்டுபோய்க் கொழும்பில் விற்று, அந்தக் காசைக் குதிரையில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார். பெண்சாதியின் வாய்க்குப் பயந்து பழியைத் தூக்கி டெய்லரின் தலையில் போட்டார். வெல்லும் குதிரையின் பெயர் டெய்லரின் புத்தகத்தில் இருந்ததாம், அதை நம்பித்தான் கட்டினாராம். மாலை அஸர் தொழுகைக்குள் தையற்கடை சூதாட்டக் கடையாகிவிட்டது. பள்ளிவாசலில் விசாரணை என்று பெரிய மரைக்காரிடமிருந்து ஆள் வந்தது.

பெரிய மரைக்கார் என்றால் எங்களுக்குப் பேச்சு நின்றுவிடும். பள்ளி நிர்வாகத்தின் தலைவர். கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அதுதான் பயம். சூதாடி என்று தீர்ப்பானால் ஊர்விலக்கு. நல்லது கெட்டதுக்கு யாரும் வாசல் மிதிக்கமாட்டார்கள். டெய்லருடைய மகளுக்கோ அடுத்த கிழமை நிக்காஹ். அந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார், அதற்காக டெய்லர் கட்டிய வீட்டில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பிவிட்டார்கள்: விசாரணை முடியட்டும், பிறகு பார்ப்போம்.

விசாரணைக்கு முதல் நாள் அவர் தகரப் பெட்டியோடு என் அறைக்கு வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

"தம்பி, இத என்ன செய்யிற?"

"கடல்ல போட்டுருங்க காக்கா."

"கடலுக்குக் கிட்ட ஆரு போற?"

"அப்ப நெருப்பு வைங்க."

"நெருப்புக்கும் எனக்கும் ஒத்துவராது எண்டு தெரியாதா ஒங்களுக்கு?" என்றவர் பெட்டிமேலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். "என்ட புள்ள வீட்டுக்குள்ள இரிந்து வெளிய வருதில்ல. என்னால அவள் வாழாமப் போனா, நான் ஆருக்கு முன்னால போய் நிக்கிற?"

எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. அப்போதுதான் அந்த மனிதர் உண்மையாகவே பயந்ததைப் பார்த்தேன். அதுவரை கண்டதெல்லாம் ஒத்திகை.

மறுநாள் அஸருக்குப் பிறகு பள்ளியின் வெளி விறாந்தையில் மரைக்கார்மார் வரிசையாக இருந்தார்கள். ஒரு தூணோடு கருவாட்டு முதலாளி. நடுவில் தகரப் பெட்டி. டெய்லர் நின்ற இடத்தில் பாய் நடுங்கியது. இங்கிலீஷ் தெரிந்தவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"வாசிங்க மாஸ்டர்" என்றார் பெரிய மரைக்கார். மிகவும் தாழ்ந்த குரல்.

கைக்கு அகப்பட்டதை எடுத்தேன். கறுப்புப் புத்தகம். வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். மழையில் ஊறிய நிலம். வயதான பெட்டைக் குதிரை ஒன்று, இனி ஓடாது என்று எல்லோரும் கைவிட்டது. வேலி தாண்டுகிறது, பள்ளம் தாண்டுகிறது, முன்னால் போனவற்றை ஒவ்வொன்றாகப் பிடிக்கிறது. விறாந்தையில் இருமல் நின்றது. ஒரு மரைக்காரின் வெற்றிலை பாதி மடித்தபடி கையிலேயே இருந்தது. கடைசி வேலியில் குதிரையின் முன்கால் தட்டுப்பட்டு, அது தலைகுப்புற விழுந்து, ஓட்டுகிறவன் கடிவாளத்தை விடாமல்…

நான் நிறுத்தினேன்.

"மறுகா? அதுக்குப் புறகு?" என்றார் பெரிய மரைக்கார்.

"தைச்சிரிக்கி மரைக்கார்."

புத்தகம் அவர் கைக்குப் போனது. தைத்த ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டெய்லர் அழுதழுது காரணம் சொன்னார், ஷைத்தானின் ருசி வரைக்கும். மரைக்கார் பெட்டியிலிருந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, ஊசித் துளைகளை விரலால் தடவிக்கொண்டே போனார். பிரித்துத் தைத்திருந்தால் இரண்டாம் துளை இருக்கும். எங்கும் ஒரே வரிசைதான். நூல் பழுப்பேறிக் கிடந்தது.

தூணைப் பார்த்துக் கேட்டார். "முதலாளி, நீங்க வெல்லுற குதிரைட பேர எந்தப் பக்கத்துல பாத்தீங்க?"

முதலாளி தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

தீர்ப்பு அதோடு முடிந்தது. ஆனால் யாரும் எழும்பவில்லை. மரைக்கார் கறுப்புப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "கத்திரிக்கோல் இரிக்கா?" என்றார்.

டெய்லர் அவருடைய காலடியில் உட்கார்ந்துவிட்டார். "வெட்டாதீங்க மரைக்கார்! அது செத்திரிந்தா?"

இத்தனை வருடமும் அவர் தைத்து மூடியது ஷைத்தானை மட்டுமல்ல என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மரைக்கார் புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். எல்லோரும் கலைந்த பிறகு, செருப்பு மாட்டும் இடத்தில் டெய்லரின் தோளைத் தொட்டு, யாருக்கும் கேட்கக்கூடாத குரலில் கேட்டார். எனக்குக் கேட்டது.

"அந்தக் குதிர எழும்பியிரிக்கும்தானே டெய்லர்?"

"எழும்பியிரிக்கும் மரைக்கார்" என்றார் டெய்லர். "பயப்படாதீங்க."

நிக்காஹ் குறித்த நாளிலேயே நடந்தது. சாட்சிக்கு முன்வரிசையில் பெரிய மரைக்காரே வந்து உட்கார்ந்தார். மாற்றலாகி நான் ஊரைவிட்டுப் போகும் நாளில் டெய்லர் பஸ்ஸுக்கு வந்து, கறுப்புப் புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். பஸ்ஸுக்கும் பயம், அதனால் கிட்ட நிற்கவில்லை.

இப்போது அவரும் இல்லை, மரைக்காரும் இல்லை. என் மேசையில் கத்தரிக்கோல் இருக்கிறது. எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அந்தக் குதிரையை நினைத்து வைத்துவிடுகிறேன். அவரிடம் நான் சில்லறைக்கு வாங்கிய பயங்களில் திருப்பிக் கொடுக்க மனமில்லாதது இது ஒன்றுதான்.