முதலாளி மூக்கில் சிவப்பு அம்பு

"...அதெல்லாஞ் செரிங்க, தப்புன்னா தப்புதானுங்க. அதுக்குன்னு என்ற மூக்கு மேலயே கொண்டாந்து ஒட்டோணுமுங்களா?" என்றார் முதலாளி.

எங்கள் ஊரில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். காலையில் 'வா கண்ணு' என்றவர் பதினோரு மணிக்கு ஒரே மூச்சில் மூன்று 'ங்க' போட்டால், வேலை போச்சு என்று அர்த்தம்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால், அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். இங்கிலீஷை நானாகவே பேப்பர் படித்துக் கற்றுக்கொண்டேன். கற்றதோடு விட்டேனா? பேப்பரில் 'டிஸ்கஸ் அபவுட்' என்று தப்பாக எழுதியிருந்தால் ஓர் அம்பு. 'தி' விட்டுப்போயிருந்தால் ஓர் அம்பு. டிவியில் ஓடும் செய்திக்குக்கூட ஒட்டியிருக்கிறேன். (செய்தி ஓடிவிடும், அம்பு மட்டும் நிற்கும். அதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.)

அந்த வாரம் முதலாளியைப் பற்றி, படத்தோடு, ஓர் இங்கிலீஷ் பேப்பரில் கட்டுரை வந்திருந்தது. ஆயுளில் முதல் தடவை. இருந்ததோ ஒரே பிரதி. எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் பன்னிரண்டு மணிக்கு வருவதற்குள் அதை ரிசப்ஷனில் மாட்ட வேண்டும்.

"பிரேம் கடைக்கு அனுப்பிச்சுரு கண்ணு" என்று என்னிடம் கொடுத்தார்.

அனுப்புமுன் சும்மா ஒரு பார்வை பார்த்தேன். பத்தொன்பது அம்பு! படத்துக்குக் கீழே இருந்த வரியில் இடம் போதாமல், ஒன்று அவர் மூக்கில் போய் உட்கார்ந்தது. உரிப்பதற்குள் தையல் லைனுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். திரும்பி வருவதற்குள் ஆபீஸ் பையன் பேப்பரைக் கொண்டுபோய்விட, பிரேம் கடைக்காரர் அத்தனை அம்பையும் கண்ணாடிக்குள் பத்திரமாக அடைத்துக் கொடுத்துவிட்டார்.

சுவரில் அதைப் பார்த்த எங்கள் டேபிள் தூத்துக்குடி செல்வி அக்கா, "ஏ, மொதலாளியவே ரிஜெக்ட் பண்ணிட்டாவளா?" என்று கேட்க, செக்கிங் டேபிளே குலுங்கியது.

"இப்பவே பிரிச்சு உரிச்சர்றனுங்ண்ணா" என்றேன் முதலாளியிடம்.

"உரிச்சா மூக்கும் கூடவே வந்துருமுங்க."

அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். "இருந்தாலும், பத்தொம்பதும் நெசமான தப்புங்ண்ணா."

"அப்படீங்களா? அப்ப பையருக்கு நீங்களே இங்கிலீஷ்ல வெளக்கிச் சொல்லிப்போடுங்க."

(பேப்பர் என்னிடம் ஒருநாளும் திருப்பிக் கேள்வி கேட்டதில்லை. அதனால் வாய் திறந்து இங்கிலீஷில் ஒரு வாக்கியம் பேசி எனக்குப் பழக்கமில்லை.)

வேலை தப்பியது. மானம்தான் தப்பவில்லை. முதலாளி அடுத்துச் செய்ததை என் பிள்ளைகள் இன்றும் வருகிற விருந்தாளிக்கெல்லாம் நடித்துக் காட்டுகிறார்கள். வாசலில் கார் வந்து நின்றது. என் தோளைப் பிடித்து அந்த பிரேமுக்குப் பக்கத்தில் நிறுத்தினார், சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார், பின்வாசல் வழியாக டீ குடிக்கப் போய்விட்டார்.