ஒரே சரீரம், இரண்டு கால்

"காலா? நான் காலா?" என்று ஞானையா எழுந்தே விட்டார்.

புராட்டஸ்டன்ட் சபை உபதேசியார் வேதமணிக்கு வேர்த்துக் கொட்டியது. ஞானையா அவர் மனைவியின் அண்ணன். நாசரேத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேதமணியின் மகள் ஜெபகனியோ திரேஸ்புரத்துக் கத்தோலிக்கப் பையனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "ரெண்டு சபையும் சேந்து ஒரு அடி நடக்கட்டும், பெறவு கல்யாணத்தப் பேசுவோம்" என்று தாய்மாமன் சொல்லிவிட்டார். நடக்கவே நடக்காது என்பதை அவர் அப்படிச் சொன்னார். வேதமணி அதை வார்த்தைக்கு வார்த்தை பிடித்துக்கொண்டார்.

ஐக்கிய விழாவுக்கு ஒரு நாடகம். அவயவங்கள் பல, சரீரம் ஒன்று. பழைய தோணிப் பாயில் தைத்த ஒரு ராட்சத மனிதன். உள்ளே இரு சபையாரும் கையாக, காலாக, தலையாக இருந்து மண்டபத்து வாசலிலிருந்து மேடை வரை நடந்து வர வேண்டும். அவரவர் வரத்துக்கு ஏற்ற வேலை என்று அறிவித்தார். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் தலையாகும் வரம் மட்டுமே இருந்தது.

வேறு வழியில்லாமல் சீட்டுப் போட்டார். தலை அவருக்கே விழுந்தது. கால்கள் ஞானையாவுக்கும், பையனின் அப்பா சந்தியாகு பர்னாந்துக்கும். சந்தியாகு, தோணி ஓட்டும் தண்டல்.

"வலது கால் யாரு?" என்றார் ஞானையா.

"நாந்தான்."

"அப்ப நாங்க எடது. நல்லாருக்குவே ஒங்க ஐக்கியம்."

யார் முதல் அடி வைப்பது என்று அடுத்த சண்டை. இருவரும் ஒன்றாகவே வையுங்கள் என்றார் வேதமணி. சரீரம் தவளைபோலத் தத்தியது. இருவர் தோளிலும் பாதிப் பாதியாக உட்கார்ந்திருந்த தலை நாக்கைக் கடித்துக்கொண்டது.

ஒத்திகையில் ஞானையா முழங்காலை நெஞ்சுவரை தூக்கி அணிவகுப்பு நடந்தார். சந்தியாகு அலைக்கு ஆடுகிறவர்போல அகட்டி அகட்டி வைத்தார்.

"ஓய், கடல்லயா நடக்கீரு?"

"நீரு மட்டும் என்ன, சுடுமணல்லயா நடக்கீரு?"

தலை சொல்லட்டும், கால் கேட்கட்டும் என்று முடிவாயிற்று. மண்டபத்துக்கு அடுத்தது உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி. லாரி இரைச்சலை மீறி "வலது, எடது" என்று கத்திக் கத்தி வேதமணியின் தொண்டை கட்டிப்போனது. கையாக நடித்த ஆர்மோனியக்காரர் செல்வதுரை சுக்குக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தார். அதைக் குடித்ததும் மிச்சமிருந்த கரகரத்த குரலும் போயிற்று.

விழா அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. பாய்க்குள் ஒரே இருட்டு, கருவாட்டு வாடை. வேதமணி வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது.

"சொல்லும் மச்சான், எந்தப் பக்கம்?"

"தலையே, வாயத் தொறயும்."

ஒரு கால் மேடைக்கு இழுத்தது, மறு கால் வாசலுக்கு இழுத்தது. நடுவில் வேதமணி கிழியத் தொடங்கினார். பாயின் கண் ஓட்டை வழியாக ஜெபகனி தெரிந்தாள், முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிள்ளையின் வாழ்வு போயிற்றே. ஆண்டவரே, நீரே தலையாயிரும் என்று ஊமையாய்க் கதறினார்.

அப்போது எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது.

"எடது... இன்னும் எடது..."

கால்கள் இரண்டும் வாயை மூடிக்கொண்டன. வேதமணிக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"பயப்படாம வா. நாந்தான் நிக்கேம்லா. நேரா வா... வா... மெதுவா வா..."

சரீரம் நடந்தது. ஞானையாவின் முழங்கால் இறங்கியது, சந்தியாகுவின் ஆட்டம் அடங்கியது. மேடை விளிம்பில், "போதும், நிறுத்து" என்றது குரல். சரீரம் ஆணி அடித்ததுபோல் நின்றது.

அந்த நேரம் பார்த்து வெளியே தடாலென்று ஒரு சத்தம். யார் அதைக் கவனித்தார்கள்? ஒரு பக்கம் அல்லேலூயா, மறுபக்கம் மரியே வாழ்க.

"ஓய் சம்பந்தி," என்றார் இடது கால்.

"சொல்லும் சம்பந்தி," என்றார் வலது கால்.

மேலே தலை விம்மி விம்மி அழுதது. மேடையில் சபைக் குருவான ஐயர் கையை உயர்த்தினார். "நம்ம ரெண்டு சபைக்கும் நடுவுல நின்ன சுவர் இன்னைக்கு விழுந்துட்டு."

கைதட்டல் ஓய்ந்தபோது, வாசலில் நரைத்த மீசைக்காரர் ஒருவர், உடம்பெல்லாம் உப்போடு, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றார்.

"ஐயா, நான் லாரி கிளீனருங்க. நிறுத்துன்னு நான் சொன்னதும் ஒங்க ஆளு பொசுக்குன்னு நின்னுட்டாரு, எங்க டிரைவருதான் கேக்காம பின்னால வந்து ஒங்க மதில இடிச்சுட்டாரு; அவரையும் இந்தச் சபையில சேத்துக்கிடுங்க."